இரு நிற நகரம்: பெர்லினின் தெருவிளக்குகள் வழியே ஒரு பயணம்

பெர்லின் நகரை இரவில் வானிலிருந்து நோக்கியோருக்கு, 1989இல் திறந்துவிடப்பட்ட சுவர் எந்த வழியாகச் சென்றது என்பது அதற்குப் பின் பல ஆண்டுகள் கழிந்தும் ஏறக்குறையப் புலப்பட்டது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் தலைவராக இருந்த கனடிய விண்வெளி வீரர் கிரிஸ் ஹாட்ஃபீல்டு 2013 ஏப்ரலில் வெளியிட்ட ஒளிப்படத்தில், நகரின் கிழக்குப் பாதி ஆரஞ்சு கலந்த மஞ்சளாகவும் மேற்குப் பாதி வெளிறிய வெண்மையாகவும் தெரிந்தன. கிழக்கு ஜெர்மனியின் ஆட்சியில் நடப்பட்டவை பெரும்பாலும் சோடியம் ஆவி விளக்குகள். அதாவது குழாய்க்குள் அடைபட்ட சோடியம் ஆவியின் வழியே மின்சாரம் பாயும்போது மஞ்சள் ஒளி தருபவை. மேற்கிலோ குழல்விளக்குகளும், பாதரச ஆவி விளக்குகளும், வேறெங்கும் காணக் கிடைக்காத அளவில் எரிவாயு விளக்குகளும் எரிந்தன. தெருவிளக்கு என்பது எளிதில் மாற்றிவிடக்கூடிய பொருளாகத் தோன்றினாலும், ஓர் அரசின் முடிவு அந்த அரசே மறைந்த பிறகும் இருபது, முப்பது ஆண்டுகள் தெருவில் எரிந்துகொண்டிருக்கும் என்பதற்கு அந்தப் படம் சான்று. எரிசக்திச் சிக்கனத்தின் பெயரால் இந்நகரம் இன்று தன் விளக்குகளை எல்இடிக்கு மாற்றிவருகிறது. அந்த மாற்றத்தின் கணக்கையும் அக்கணக்கில் அடங்காதவற்றையும் அறிய, நகர நடுவில் தொடங்கி மேற்கேயுள்ள இருண்ட சமவெளியில் முடியும் ஒரு பயணம் போதும்.

பிராண்டன்பர்க் வாயிலிலிருந்து கிழக்கே நீளும் உன்டர் டென் லிண்டன் பெருந்தெருவே அப்பயணத்தின் இயல்பான தொடக்கம். 1679இல் பிராண்டன்பர்க் ஆட்சியாளர், மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டார் இரவில் தம் வாசலில் விளக்கு மாட்ட வேண்டும் என்று ஆணையிட்டதிலிருந்து பெர்லினின் பொதுவிளக்கு வரலாறு தொடங்குகிறது. அன்று அது குடிமக்கள் தலையில் விழுந்த கடமையாக இருந்ததேயன்றி நகராட்சியின் பணியாக இருக்கவில்லை. எண்ணெய் விளக்குகளின் காலம் கடந்து, 1826 செப்டம்பரில் இதே பெருந்தெருவில் எரிவாயு விளக்குகள் ஏற்றப்பட்டன. அவற்றை அமைத்தது லண்டனில் நிறுவப்பட்ட இம்பீரியல் கான்டினென்டல் கேஸ் அசோசியேஷன் என்னும் ஆங்கிலேய நிறுவனம். அயல்நாட்டு நிறுவனத்தின் தனியுரிமையை நெடுங்காலம் பொறுத்துக்கொள்ள விரும்பாத நகராட்சி, 1847இல் தன் சொந்த வாயு ஆலைகளை இயக்கத் தொடங்கியது. 1882இல் சீமென்ஸ் நிறுவனத்தின் மின்வில் விளக்குகள், அதாவது இரு கரித்தண்டுகளுக்கு இடையே பாயும் மின்பொறியால் ஒளிரும் விளக்குகள், அருகிலுள்ள லைப்ஸிக் தெருவிலும் போட்ஸ்டாம் சதுக்கத்திலும் எரிந்தபோது, எரிவாயுவின் காலம் முடிந்துவிட்டதென்றே பலரும் கருதியிருக்கக்கூடும்.

அவ்வாறு முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு சிறு துணிப்பை. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1885இல் காப்புரிமை பெற்று 1891இல் செம்மைப்படுத்திய மேண்டில், தோரியம், சீரியம் ஆகிய தனிமங்களின் உப்புக் கரைசலில் நனைத்து உலர்த்திய நூல்வலை ஆகும். முதல் முறை எரியும்போது நூல் சாம்பலாகிப் போக, எஞ்சும் ஆக்சைடுக் கூடு சுடரின் வெப்பத்தில் வெண்ணிறமாக ஒளிர்கிறது. ஏறத்தாழ 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் கொண்ட இந்தக் கலவை, வெறும் சுடரைவிடப் பல மடங்கு வெளிச்சத்தைக் குறைந்த வாயுவில் தந்தமையால் எரிவாயு விளக்கு மின்விளக்கோடு போட்டியிடும் வலிமை பெற்றது. 1892இல் பெர்லினில் தொடங்கப்பட்ட ஆவர் நிறுவனம் இம்மேண்டில்களைப் பெருமளவில் தயாரித்தது. அதற்கு வேண்டிய தோரியத்தைத் தேடிய ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பர்க், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் தாது இருப்பதை 1909இல் கண்டறிந்து, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலையை நிறுவினார். முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் அரபிக்கடற்கரையின் கருமணலும் பெர்லினின் தெரு வெளிச்சமும் இவ்வாறு ஒரே வணிகக் கண்ணியில் கோக்கப்பட்டிருந்தன. கோயில் திருவிழாக்களிலும் கல்யாண ஊர்வலங்களிலும் தமிழர் தலைமேல் சுமந்து சென்ற பெட்ரோமாக்ஸ் விளக்கும் பெர்லின் நகரின் எரிக் அண்டு கிரேட்ஸ் தொழிலகத்தில் பிறந்ததே. அதில் தொட்டாலே உதிரும் மேண்டிலும் பெர்லின் தெருவிளக்கின் மேண்டிலும் ஒரே கண்டுபிடிப்பின் இரு வடிவங்கள்.

அத்தெருவிளக்குகள் இன்றும் எரிவதைக் காண நகரின் மேற்கே ஷார்லொட்டன்பர்க் பகுதிக்குச் செல்ல வேண்டும். அரண்மனையைச் சுற்றியுள்ள குடியிருப்புத் தெருக்களில், அந்தி சாயும் வேளையில் கம்பத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் விளக்கின் அமைப்பு முழுவதும் விளங்கும். வார்ப்பிரும்புக் கம்பத்தின் உச்சியில் தகரக் கூரையும் கண்ணாடிக் கூண்டும் இருக்கின்றன. கூண்டுக்குள் விரல்நுனி அளவேயான மேண்டில்கள் நான்கோ ஆறோ கொத்தாகத் தொங்குகின்றன. அவற்றின் அருகே நீலநிறத்தில் ஒரு சிறு வழிச்சுடர் எரிந்துகொண்டிருக்கிறது. வெளிச்சம் குறைந்ததை ஒளியுணரி உணர்ந்ததும் வாயுக் குழாய் திறக்கிறது. வழிச்சுடரிலிருந்து தீ தாவி, மேண்டில்கள் ஒவ்வொன்றாகச் சிவந்து, பின் மஞ்சள் கலந்த வெண்மைக்கு மாறுகின்றன. வாகன ஓசை அடங்கிய தெருவில் வாயு கசியும் மெல்லிய சீறலும் காதில் விழும். காலையில் மேண்டில்கள் அணைந்தாலும் வழிச்சுடர் அணைவதில்லை. அது பகல் முழுவதும், ஒருவருக்கும் வெளிச்சம் தராமல், அடுத்த மாலையை எதிர்பார்த்து எரிகிறது.

2010ஆம் ஆண்டளவில் பெர்லினின் ஏறத்தாழ 2.2 லட்சம் தெருவிளக்குகளில் சுமார் 44,000 எரிவாயுவில் இயங்கின. உலகெங்கும் எஞ்சியிருந்த எரிவாயுத் தெருவிளக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த ஒரே நகரத்தில் இருந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை மேற்குப் பகுதியிலேயே இருந்ததற்கு அரசியல் பின்னணி உண்டு. கிழக்கு ஜெர்மனியின் நடுவே தீவாகத் துண்டிக்கப்பட்டிருந்த மேற்கு பெர்லின், நிலக்கரியிலிருந்து நகர வாயு எடுக்கும் ஆலைகளைத் தன் எல்லைக்குள்ளேயே வைத்திருந்தது. குழாய்களும் கம்பங்களும் ஏற்கெனவே இருந்தன. பழுதுபார்க்கும் தொழிலாளரும் இருந்தனர். கிழக்கிலோ எரிவாயு விளக்குகள் படிப்படியாக அகற்றப்பட்டு மின்விளக்குகள் நடப்பட்டன. நகரம் இணைந்த பின், 1990களின் நடுவில் நகர வாயுவின் இடத்தை முழுமையாக இயற்கை எரிவாயு பிடித்துக்கொண்டது. அதோடு, தன்னிறைவு என்னும் பழைய நியாயமும் அவ்விளக்குகளுக்கு இல்லாமல் போயிற்று.

எரிசக்திக் கணக்கு எரிவாயு விளக்குக்கு எவ்வகையிலும் சாதகமானதன்று. ஒரு விளக்கு உட்கொள்ளும் ஒவ்வொரு வாட் ஆற்றலுக்கும் எத்தனை லூமன் ஒளி தருகிறது என்பதே அதன் ஒளித்திறன்; லூமன் என்பது கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலகு. மேண்டில் விளக்கு வாட்டுக்கு ஓரிரு லூமனே தருகிறது. ஏனைய ஆற்றல் முழுவதும் வெப்பமாகப் போகிறது. பழைய குண்டு பல்பு 10 முதல் 15 லூமன் வரையும், பாதரச ஆவி விளக்கு 50 லூமன் அளவிலும், உயரழுத்தச் சோடியம் விளக்கு 100 லூமன் அளவிலும், இன்றைய எல்இடி அதற்கு மேலும் தருகின்றன. எல்இடி என்பது குறைகடத்திப் படிகத்தில் மின்னூட்டங்கள் இணையும்போது ஒளி உமிழும் சிறு சில்லு. வெண்ணிற எல்இடி பெரும்பாலும் நீல ஒளிச் சில்லின் மீது மஞ்சள் ஒளிர்பூச்சைப் பூசிச் செய்யப்படுகிறது. எரிவாயு விளக்கை எல்இடியாக மாற்றுவது, ஆகவே, ஒரு சாதனத்தை அதைவிடச் சற்றுச் சிறந்த சாதனத்தால் மாற்றுவதன்று. இடையில் வந்த ஒரு நூற்றாண்டுத் தொழில்நுட்பத்தை ஒரே எட்டில் தாண்டுவது. அதோடு மேண்டிலை மாற்றவும், கண்ணாடியைத் துடைக்கவும், கசிவைச் சோதிக்கவும் ஆகும் பராமரிப்புச் செலவும் குறைகிறது. இக்காரணங்களால், பெருஞ்சாலைகளில் வரிசையாக நின்ற சுமார் 8,000 எரிவாயு விளக்குகளை முதலில் அகற்றும் திட்டம் 2012 முதல் நடைமுறைக்கு வந்தது.

மறுப்புக் குரல் எழுந்தது பொருளாதாரத்தின் தளத்திலிருந்தன்று. பெர்லினின் எரிவாயு விளக்குகள் தொழிற்புரட்சிக் காலத்தின் உயிருள்ள எச்சங்கள் என்றும், அவற்றின் ஒளி முகங்களின் நிறத்தையும் மரங்களின் பசுமையையும் திரியாமல் காட்டுகிறது என்றும், நீல ஒளியும் புறஊதாக் கதிரும் அதில் குறைவாதலால் பூச்சிகளை அதிகம் ஈர்ப்பதில்லை என்றும் ஆர்வலர்கள் வாதிட்டனர். உலக நினைவுச்சின்ன நிதியம் 2014ஆம் ஆண்டுக்கான தன் கண்காணிப்புப் பட்டியலில் பெர்லினின் எரிவாயு விளக்குகளைச் சேர்த்தது. அரண்மனைகளும் கோயில்களும் இடம்பெறும் ஒரு பட்டியலில் தெருவிளக்குகள் இடம்பெற்றது அவற்றின் மதிப்பு குறித்த பார்வையை மாற்றியது. நகர நிர்வாகம் இருவழிகளில் விடையளித்தது. ஒன்று, பழைய கூண்டின் வடிவத்தையும் மேண்டிலின் தோற்றத்தையும் நிறத்தையும் ஒத்த எல்இடி விளக்குகளை உருவாக்கச் செய்தது. சில தெருக்களில், கண்ணாடிக்கு மிக அருகில் சென்று பார்த்தாலன்றி எது எரிவாயு, எது மின்சாரம் என்று பிரித்தறிய முடிவதில்லை. மற்றொன்று, தேர்ந்தெடுத்த சில பகுதிகளில் சுமார் 3,300 எரிவாயு விளக்குகளை மட்டும் மரபுச்சின்னங்களாக எரிய விடுவதெனத் தீர்மானித்தது. முழுவதையும் காப்பது, முழுவதையும் அகற்றுவது என்னும் இரு நிலைகளுக்கும் இடையே, எத்தனை போதும் என்ற கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்ல முன்வந்தது இம்முடிவின் சிறப்பு.

மரபைக் காட்சிப்பொருளாக்கிக் காப்பதன் இடர்ப்பாட்டை டீர்கார்ட்டன் பூங்காவில் காணலாம். அதே பெயருடைய புறநகர் ரயில் நிலையத்தின் அருகே, ஜெர்மனியிலும் பிற ஐரோப்பிய நாடுகளிலும் உள்ள நகரங்களிலிருந்து திரட்டப்பட்ட ஏறத்தாழ 90 எரிவாயு விளக்குகளைக் கொண்ட திறந்தவெளி அருங்காட்சியகம் 1978இல் அமைக்கப்பட்டது. காவலோ வேலியோ இன்றிப் பாதையோரம் நின்ற அவ்விளக்குகள் கல்லெறிக்கும் திருட்டுக்கும் ஆளாகிச் சிதைந்தமையால், அத்தொகுப்பைத் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தின் பாதுகாப்பான வளாகத்துக்குக் கொண்டுசெல்லும் நிலை ஏற்பட்டது. பூங்காவை ஊடறுக்கும் ஜூன் 17 சாலையில் வேறொரு வகை மரபு எதிர்ப்படுகிறது. அச்சாலையின் இருமருங்கும் நிற்கும் இரட்டைக் கை விளக்குகள் நாஜி ஆட்சிக் காலக் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஷ்பேர் வடிவமைத்தவை. அந்த ஆட்சியின் கட்டடங்கள் பல அழிந்துவிட்டன; விளக்குகளோ தம் பணியைத் தொடர்கின்றன.

சாலையின் நடுவே உயர்ந்து நிற்கும் வெற்றித்தூண் 2022 ஜூலைக்குப் பின் சில காலம் இருளில் நின்றது. உக்ரைன் போரைத் தொடர்ந்து ரஷ்ய எரிவாயு வரத்துக் குறைந்தபோது, நகர நிர்வாகம் ஏறத்தாழ 200 கட்டடங்களுக்கும் நினைவுச்சின்னங்களுக்கும் இரவில் பாய்ச்சப்பட்ட அலங்கார ஒளியை நிறுத்தியது. நகரத்தின் மொத்தப் பயன்பாட்டோடு ஒப்பிட்டால் இதனால் மிஞ்சிய மின்சாரம் சிறிதே. ஆயினும், தெருவில் நடப்பவருக்கு வேண்டிய வெளிச்சம் ஒன்று, கட்டடத்தின் அழகுக்குத் தரப்படும் வெளிச்சம் வேறொன்று என்ற பாகுபாடு அவ்விரவுகளில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. எந்த விளக்கு சிக்கனமானது என்பதோடு எந்த விளக்கு தேவை என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி என்பதை, எல்இடித் திட்டங்கள் உணர்த்தாத அளவுக்கு அந்த நெருக்கடி உணர்த்தியது.

நகரின் கிழக்கில், 1950களில் சோசலிச அரசின் பெருமிதமாக எழுப்பப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஆலே வீதியை அடையும் பயணிக்கு, கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் பவ்லிக் வடிவமைத்த கொத்துவிளக்குக் கம்பங்கள் அணிவகுத்து நிற்பது முதலில் கண்ணில் படும். வீதியை விட்டு உட்தெருக்களில் நுழைந்தால் சிக்கனக் கணக்கின் வேறொரு பக்கம் தெரியும். மேற்கில் எரிவாயுவை மாற்றும்போது கிடைக்கும் மாபெரும் சேமிப்பு, கிழக்கில் சோடியம் விளக்கை மாற்றும்போது கிடைப்பதில்லை. ஏனெனில் சோடியம் விளக்கின் ஒளித்திறன் முன்பே உயர்ந்தது. அங்கே எல்இடி தரும் ஆதாயம் வேறு இரண்டு பண்புகளிலிருந்து வருகிறது. எல்லாத் திசையிலும் ஒளி சிதறும் சோடியம் விளக்கின் வெளிச்சத்தில் ஒரு பகுதி சன்னல்களுக்கும் வானத்துக்கும் போய்விட, எல்இடியின் ஒளியை வில்லைகளால் சாலையின் மீது மட்டும் குவிக்கலாம். மேலும் எல்இடியை நள்ளிரவுக்குப் பின் பாதியளவுக்கு மங்கச் செய்யவும், வேண்டும்போது உடனே முழுமையாக எரியச் செய்யவும் இயலும். சோடியம் விளக்கோ அணைத்தபின் மீண்டும் முழு ஒளி பெறச் சில நிமிடங்கள் ஆகும். இவ்விரு வசதிகளையும் பயன்படுத்தாமல் விளக்கை மட்டும் மாற்றும் நகரம், சேமிப்பின் பெரும்பகுதியைக் கைவிடுகிறது என்றே கொள்ள வேண்டும். பாதரச ஆவி விளக்குகளின் நிலை வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் அவற்றின் விற்பனைக்கு முற்றுப்புள்ளி வைத்ததால், அவற்றை மாற்றுவது நகராட்சிகளின் விருப்பத்துக்கு உட்பட்டதாக இல்லை.

விளக்கின் நிறமும் சிக்கனக் கணக்கோடு பிணைந்ததே. ஒளியின் நிறத்தை நிற வெப்பநிலை என்னும் அளவால் கெல்வினில் குறிப்பர். எண் குறைந்தால் மஞ்சள் சாயலும், கூடினால் நீலச் சாயலும் மிகும். எரிவாயு விளக்கு ஏறத்தாழ 2,700 கெல்வின் அளவில் ஒளிர்கிறது. தொடக்கக் கால எல்இடித் தெருவிளக்குகள் பல நகரங்களில் 4,000 கெல்வினும் அதற்கு மேலும் இருந்தன. நீலம் மிகுந்த எல்இடிகள் அன்று சற்றுக் கூடுதல் ஒளித்திறன் தந்ததால் அவையே சிக்கனமானவை எனத் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஆனால் நீல ஒளி காற்றில் அதிகம் சிதறி வானத்தை வெளுக்கச் செய்கிறது. பூச்சிகளைக் கூடுதலாக ஈர்க்கிறது. உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பையும் தடுக்கிறது. வெப்பநிறம் கொண்ட எல்இடிகளின் திறன் இப்போது பெரிதும் உயர்ந்துவிட்டதால், நீலத்தைத் தேர்ந்தெடுக்கப் பழைய காரணம் இனி இல்லை.

பெர்லினின் தென்மேற்கே, புறநகர் ரயிலில் எளிதில் அடையக்கூடிய போட்ஸ்டாம் நகரின் டெலிகிராஃபன்பெர்க் குன்று இப்பயணத்தில் தவிர்க்கக் கூடாத இடம். எரிக் மெண்டல்சோன் கட்டிய ஐன்ஸ்டைன் கோபுரம் நிற்கும் அதே வளாகத்தில் உள்ள ஜெர்மன் புவி அறிவியல் ஆய்வு மையத்தில், கிறிஸ்டோபர் கைபா தலைமையிலான ஆய்வாளர்கள் உலகின் இரவு வெளிச்சத்தைச் செயற்கைக்கோள் தரவுகளால் அளந்து வந்துள்ளனர். 2017இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, செயற்கை ஒளி படும் நிலப்பரப்பு 2012க்கும் 2016க்கும் இடையே ஆண்டுக்கு 2.2 சதவீதம் வளர்ந்தது. எல்இடி பரவிய அதே ஆண்டுகளில் ஒளியும் கூடியது என்பதே இதன் பொருள். மேலும், அச்செயற்கைக்கோளின் உணரிக்கு நீல ஒளி புலப்படுவதில்லையாதலால், சோடியத்திலிருந்து எல்இடிக்கு மாறிய நகரம், மாறாத வெளிச்சத்தில் இருந்தாலும், படத்தில் மங்கியதாகவே தெரியும்; உண்மை வளர்ச்சி அளவீட்டைவிடக் கூடுதலாகவே இருக்கும். பிரிட்டானியப் பொருளியல் அறிஞர் ஜெவன்ஸ் 1865இலேயே நிலக்கரியைப் பற்றி இதை ஒத்த கருத்தை முன்வைத்திருந்தார்: இயந்திரம் சிக்கனமாகும்போது எரிபொருள் மலிவாகி, மொத்தப் பயன்பாடு குறைவதற்கு மாறாகப் பெருகக்கூடும். தெருவிளக்கிலும் அதுவே நிகழ்கிறது. மிஞ்சிய மின்சாரம் புதிய கம்பங்களுக்கும் விளம்பரப் பலகைகளுக்கும் செலவாகிவிடுகிறது. பெர்லினின் வானம் வெளுத்த வரலாறும் இப்பகுதியிலேயே பதிவாகியிருக்கிறது. 1846இல் நெப்டியூன் கோளைக் கண்டறிந்த பெர்லின் வானாய்வகம், நகரம் தன்னைச் சூழ்ந்து வளர்ந்ததால் 1913இல் போட்ஸ்டாமின் பாபெல்ஸ்பெர்க் பகுதிக்கு இடம்பெயர நேர்ந்தது.

பயணத்தின் கடைசிக் கட்டம் பெர்லினுக்கு மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் உள்ள வெஸ்ட்ஹாவெல்லாண்ட் இயற்கைப் பூங்கா. ராத்தெனோ ஊர்வரை ரயிலிலும், அதன்பின் ஹாவெல் ஆற்றங்கரைச் சமவெளி வழியே சாலையிலும் சென்றால் க்யூல்பே என்னும் சிற்றூரை அடையலாம். 2014இல் ஜெர்மனியின் முதல் பன்னாட்டு இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதியில், பெருநகருக்கு இவ்வளவு அருகிலும் பால்வெளி மண்டலம் வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது. இங்குத் தெருவிளக்கே இல்லை என்று நினைப்பது தவறு. ஊர்களில் விளக்குகள் உள்ளன. அவை மேற்பக்கம் மூடப்பட்டு, தரையை மட்டும் நோக்கி, வெதுவெதுப்பான நிறத்தில், வேண்டிய அளவே எரிய வேண்டும் என்பதே காப்பகத் தகுதிக்கான நிபந்தனை. அந்நிபந்தனைகள் ஒவ்வொன்றும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்துகின்றன என்பது தற்செயலன்று. வானத்துக்குப் போகும் ஒளி, யாருக்கும் பயன்படாமல் பணம் கொடுத்து வாங்கப்பட்ட ஒளி. இருளைக் காப்பதும் எரிசக்தியைக் காப்பதும் இங்கே ஒரே செயலாகின்றன.

நகராட்சிகள் தம் விளக்குத் திட்டங்களை அறிவிக்கும்போது மாற்றப்பட்ட விளக்குகளின் எண்ணிக்கையையே முதலில் சொல்வது வழக்கம். பெர்லினின் பட்டறிவு அந்த எண்ணிக்கை குறையுடையது என்று காட்டுகிறது. மேண்டிலை எல்இடியாக்குவதில் கிட்டும் சேமிப்பும், சோடியத்தை எல்இடியாக்குவதில் கிட்டும் சேமிப்பும் ஒரே அளவினவல்ல. ஒரு தெருவில் நூறு கம்பங்களை மாற்றி அடுத்த தெருவில் நூறு புதிய கம்பங்களை நட்டால் மிச்சம் எதுவுமில்லை. மரபுக்காக எரியும் சில ஆயிரம் எரிவாயு விளக்குகளின் செலவை ஒரு நகரம் தெரிந்தே ஏற்கலாம். தெரியாமல் வானில் கொட்டும் ஒளியின் செலவுக்கு அத்தகைய நியாயம் ஏதுமில்லை. ஆகவே விளக்குத் திட்டத்தின் வெற்றியை அளக்க வேண்டிய அலகு, நகரம் முழுவதும் ஓர் ஆண்டில் பொதுவிளக்குகளுக்குச் செலவிட்ட மொத்த யூனிட்டுகளே. அந்தத் தொகை ஆண்டுதோறும் வெளியிடப்பட்டு, முந்தைய ஆண்டைவிடக் குறைந்தால் மட்டுமே அத்திட்டத்தைச் சிக்கனம் என்று அழைக்க இடமுண்டு.